தலைக்கு மேலே போன கை

குத்தாலம்
9.11.1971

அன்புள்ள அத்தான் வைத்தியலிங்கம் அவர்களுக்கு பஞ்சநதம் வணக்கத்துடன் எழுதுவது. நானும் தங்கம்மாளும் சுகம். என் வலது தோளும் சுகம் என்று எழுதுகிற பாக்கியம் உங்களால்தான் கிடைத்தது.

பனையிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே மரத்துப்போன இந்த ஆறு வருஷமாகச் சக்கர நாற்காலியை நானேதான் தள்ளிக்கொள்கிறேன், காலுக்கும் சேர்த்துக் கை உழைத்ததில் தோள் கெட்டு, சட்டை மாட்டிவிடக்கூடத் தங்கம்மாள் வர வேண்டியிருந்தது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். ஆனால் பண்ணை நிலத்தைக் குத்தகைக்குப் பயிரிடுவது நான்தான் என்று பெயர் பதிகிற விசாரணையில் போன மாதம் நடந்ததை வெட்கத்தால் முழுதாகச் சொல்லவில்லை. தாசில்தார், "வலது கையைத் தூக்கிச் சத்தியம் பண்ணுங்க" என்றார். கை மார்போடு நின்றுவிட்டது. உடனே பண்ணைக் காரியஸ்தர் சிங்காரவேலு, "பாத்தீங்களா சார், பொய்ச் சத்தியத்துக்குக் கையே வரல! நாற்காலியில இருக்கறவன் எங்கேருந்து பயிர் வச்சான்?" என்று ஒரு போடு போட்டார். கூட்டம் சிரித்தது. உதவி செய்வதாக நினைத்துத் தங்கம்மாள் என் கையைப் பிடித்து மேலே இழுக்க, நான் போட்ட கூச்சலில் தாசில்தார் பேனாவை நழுவவிட்டு, விசாரணையையே ஒரு மாதம் தள்ளிவைத்துவிட்டார். மூணு மா நெலமும் போச்சுன்னுதான் நெனச்சேன்.

நல்லவேளை, நீங்கள் என்னை நீங்கள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், உடற்பயிற்சி வைத்தியம் பார்க்கும் கமருன்னிஸா அம்மாவிடம் ஒப்படைத்தீர்கள். நான் நாற்காலி தள்ளும் லட்சணத்தைப் பார்த்து அந்த அம்மா தலையில் அடித்துக்கொண்டார். "குட்டிக் குட்டியாக் குத்தித் தள்ளாதீங்க. நீளமாத் தள்ளிட்டுக் கையைத் தொங்கவிடுங்க. கட்டிலுக்கு எம்பாதீங்க, பலகை போட்டு நகருங்க." துண்டைப் பிடித்துத் தோளைப் பின்னுக்கு இழுக்கச் சொன்ன முதல் வாரம் அவரை மனசுக்குள் வைதேன், மூன்றாவது வாரம் நானே சட்டை போட்டுக்கொண்டேன். தங்கம்மாள் அழுதுவிட்டாள்.

நேற்று மறு விசாரணை. கை தலைக்கு மேலே போச்சு அத்தான்! "நாத்து முடி கட்டுறது, நெல்லு புடைக்கிறது நானுங்க, சேத்துல எறங்குறது என் பெண்சாதிங்க" என்றேன். "சரிங்க, கையை இறக்குங்க" என்று தாசில்தார் இரண்டு தரம் சொன்ன பிறகே இறக்கினேன். பெயர் பதிவாகிவிட்டது.

தை பிறந்து முதல் நெல் குத்தியதும் அரிசி உங்கள் வீட்டுக்குத்தான் வரும். பிரகதாம்பாள் அக்காவுக்கும் கமருன்னிஸா அம்மாவுக்கும் எங்கள் கும்பிடு. நீங்கள் நூறு வருஷம் நல்லா இருக்கணும்.

இப்படிக்கு,
பஞ்சநதம்

பி.கு.: இதை முடிப்பதற்குள் தபால்காரர் மீரா உசேன் சைக்கிளில் கிளம்பிவிட்டார். கடைத்தெரு முழுக்க, அந்த அம்மா எப்படித் தள்ளக் கூடாது என்றாரோ அப்படியே நாற்காலியைத் தள்ளி அவரைப் பிடித்துவிட்டேன். இப்போது இடது தோள் எழவில்லை. அவரை நிற்கவைத்துத்தான் இதை எழுதுகிறேன். வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறோம். மழையில் சக்கரம் வழுக்கிவிட்டதாகக் கமருன்னிஸா அம்மாவிடம் நீங்களே முன்கூட்டிச் சொல்லிவையுங்கள், எனக்குப் பயமாயிருக்கு.