குழாய்க்கு மேலே ஒரு பந்தக்கால்

அரைகுறையாகப் படித்தவன் கையில் பொறுப்பைக் கொடுத்தால் கல்யாண வீடு என்ன பாடுபடும் என்பதற்கு நானே சாட்சி. (டிப்ளமோ சிவில். அதுவும் அரியரோடு.)

சங்கரன்கோவிலிலிருந்து புளியங்குடி போகும் சாலையில், புஞ்சையை ஒட்டி எங்கள் வீடு. தங்கச்சி கல்யாணத்துக்குப் பந்தக்கால் நட ஈசான மூலைக்குப் போனால், அங்கே எரிவாயுக் குழாய்க்காரர்கள் நட்ட மஞ்சள் கல் நின்றது.

"இங்கன தோண்டக் கூடாதுன்னு எழுதியிருக்கேண்ணே" என்றாள் தங்கச்சி.

"ஏட்டி, குழாய் பாதாளத்துல கெடக்கு. நாம முழங்கை ஆழம் தோண்டுதது அதுக்குத் தெரியவா போவுது?"

கல்லுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தேன். (மஞ்சளாக இருந்ததால் மங்களகரமாகப் பட்டது.) ராகு காலம் தொடங்குமுன் கால் நட்டாக வேண்டும். தவறினால் பெரியப்பா கல்யாணத்தையே தள்ளிவைத்துவிடுவார்.

கடப்பாரையை நானே போட்டேன். மண் இளகியதும் போன் அடித்தது.

"அண்ணாச்சி, கடப்பாரையக் கீழ வைங்க."

"யாருவே அது?"

"குழாய் கண்ட்ரோல் ரூம். நெலத்துக்காரர் நம்பர்னு ஒங்க நம்பர்தான் எங்ககிட்ட இருக்கு. நீங்க தோண்டுதது இங்க தெரியுது."

மாப்பிள்ளை வீட்டாரின் குறும்பு என்று நினைத்தேன். "அப்போ என் சட்டை என்ன கலரு, சொல்லும் பாப்போம்" என்று கேட்டுவிட்டு மறுபடியும் குத்தினேன். சற்று நேரத்தில் தலைக்கு மேல் ஒரு ட்ரோன் வந்து நின்றது. போனில் அதே குரல்.

"ரோஸ் கலரு. இப்பவாவது நிறுத்துங்க."

பின்னாலேயே ஜீப்பில் ஒரு இன்ஜினியர் வந்தார். குழாயோடு ஒரு கண்ணாடி இழையும் போகிறதாம். மண் அதிர்ந்தால் அது அறியுமாம். மாடு நடப்பதும் கடப்பாரை விழுவதும் தனித்தனியாகத் தெரியுமாம். பிறந்ததிலிருந்து மிதித்த மண். அதன் சிறு அசைவைக்கூட எங்கோ ஒரு அறையில் யாரோ கவனித்துக்கொண்டிருக்கிறார்கள் என்றதும் உடம்பெல்லாம் புல்லரித்தது. கால் மாற்றி வைக்கக்கூடக் கூச்சமாக இருந்தது.

"அதெல்லாம் சரிலே, நேரம் போவுதே" என்றார் பெரியப்பா. வேறு குழி எடுக்க அவகாசமில்லை. தங்கச்சி கண் கலங்கிவிட்டாள்.

இன்ஜினியர்தான் வழி சொன்னார். "சென்னையில ஃப்ளாட்டுல எல்லாம் வாளியில மணல் போட்டுத்தான் நடுறாங்க."

வாசலில் மணல் கிடந்தது. பெயின்ட் வாளி ஒன்றில் அதை நிரப்பி, ராகு காலம் பிறக்குமுன் காலை நட்டு, எல்லோரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டோம். இன்ஜினியரும் ஒரு கை பிடித்தார்.

மாப்பிள்ளைக்கு வங்கி வேலை, ஓயாத மாற்றல். கல்யாணத்துக்கு அப்புறம் ஒவ்வொரு முறை சாமான் கட்டும்போதும் தங்கச்சி முதலில் எனக்குத்தான் போன் போடுவாள்.

"எல்லாம் ஒன்னாலதாண்ணே. எங்கல்யாணக் கால வாளியிலல்லா நட்டே, அதான் ஊர் ஊராத் தூக்கிட்டு அலையுதேன்."