மைதானம் வரட்டும், நடக்கிறேன்

போன வருடம் ஆனி மாதம் நான் ஒரு சபதம் செய்தேன். ஆண்பிள்ளை சபதம் செய்தால் வீடு அதிர வேண்டும். எங்கள் வீட்டில் மிக்ஸிதான் அதிர்ந்துகொண்டிருந்தது. என் மனைவி அன்புச்செல்வி சட்னி அரைத்துக்கொண்டிருந்தாள். சபதத்தின் முதல் பாதி அவள் காதில் விழவில்லை. அதனால் மிக்ஸி நின்ற பிறகு, முதலிலிருந்து இன்னொரு தடவை செய்ய வேண்டியதாயிற்று.

"நம்ம ரிசர்வ் சைட்டுல கார்ப்பரேசன்காரங்க நடைபாதை போடட்டும். போட்ட அன்னைக்கே நடக்க ஆரம்பிச்சர்றேன். அது வரைக்கும் என்னைய ஒருத்தரும் நடக்கச் சொல்லப்படாது. இது சத்தியம், அம்மணி!"

"செரீங்க" என்றாள்.

அவ்வளவுதான். மறுபடி மிக்ஸியைப் போட்டுவிட்டாள். இருபத்தேழு வருடமாக அவளோடு குடித்தனம் நடத்துகிறேன். அவள் சண்டை போட்டால் சமாளிக்கலாம், 'செரீங்க' என்றால்தான் பயப்பட வேண்டும் என்று இத்தனை நாளில் தெரிந்திருக்க வேண்டும். எனக்குத் தெரியவில்லை. இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

என் பெயர் வெள்ளியங்கிரி. ஏழு மலை ஏறிப் போய்க் கும்பிட வேண்டிய சாமியின் பெயர். நான் எங்கள் வீட்டு மொட்டை மாடிக்கே நடுவில் ஒரு தடவை உட்கார்ந்துதான் போவேன். வயது ஐம்பத்தைந்து. பம்ப் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். முப்பது வருடமாக நாற்காலியில் இருந்தபடியே, நட்டு எங்கே, போல்ட்டு எங்கே என்று கையைக் காட்டுகிற உத்தியோகம்.

சபதத்துக்குக் காரணம் டாக்டர் ஃபஹீமா. என் மகள் வயதுதான் இருக்கும். என் ரத்தப் பரிசோதனைக் காகிதத்தைப் பார்த்துவிட்டு, என்னைப் பார்க்காமல் என் மனைவியைப் பார்த்தார்.

"சுகர் முந்நூத்திப் பத்து இருக்கும்மா. மாத்திரை பாதி வேலைதான் செய்யும். மீதியை இவரு கால்தான் செய்யணும். தினம் முக்கால் மணி நேரம் நடக்கட்டும். இல்லைன்னா கடைசியில அந்தக் காலுக்கே ஆபத்து."

என் மாமனாருக்கு இதே சர்க்கரையில்தான் ஒரு கால் போனது. அடுத்த வருடம் அவரே போய்விட்டார். அன்று பஸ்ஸில் திரும்பினோம். அன்புச்செல்வி ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். அவள் அழுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்தும், இறங்குகிற ஸ்டாப்பில் பஜ்ஜிக் கடை திறந்திருக்குமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். நான் அப்படிப்பட்ட ஆள்.

மறுநாளிலிருந்து அவள் தினமும் எழுப்பினாள். நான் தினமும் ஒரு காரணம் சொன்னேன். திங்கட்கிழமை நாய். செவ்வாய்க்கிழமை தூறல். புதன்கிழமை இருட்டு. வியாழக்கிழமை ஷூ கடித்தது. ஷூவைப் போடவே இல்லையே என்றாள். பார்க்கும்போதே கடிக்கிற மாதிரிதான் இருந்தது என்றேன். வாரம் முடிவதற்குள் காரணங்கள் தீர்ந்துபோயின. அப்போது கண்ணில் பட்டதுதான் ரிசர்வ் சைட்.

எங்கள் குடியிருப்புக்கு லட்சுமி கார்டன் என்று பெயர். கார்டன் பெயரில் மட்டும்தான். மனை போட்டபோது பூங்காவுக்கென்று ஒதுக்கிய அரை ஏக்கர் இடம் பதினெட்டு வருடமாக முள்ளும் பார்த்தீனியமுமாகக் கிடந்தது. எங்களில் யாரும் கேட்கவில்லை, அதனால் யாரும் கொடுக்கவில்லை. கேட்க வேண்டியவர் குடியிருப்போர் நலச் சங்கத்தின் செயலாளர். அது நான்தான். பிறகென்ன பயம்?

எதிர் வீட்டு ஜெரோம்கூடக் கை கொடுத்தார். "அருமையான சபதமுங்க. நம்ம ஆயுசுக்கும் தாங்கும்" என்றார்.

ஒரு மாதம் நிம்மதியாகப் போயிற்று. அன்புச்செல்வி நடையைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. பிறகு ஏரியா சபைக் கூட்டம் வந்தது. பள்ளிக்கூட ஹாலில் வார்டு மக்களைக் கூப்பிட்டு வைத்து, என்ன வேண்டும் என்று கவுன்சிலரும் அதிகாரிகளும் நேரில் கேட்கிற கூட்டம். டீயும் பிஸ்கட்டும் உண்டு. அதற்காகப் போனேன்.

கவுன்சிலர் நாச்சியம்மாள் மைக்கைப் பிடித்தார்.

"லட்சுமி கார்டன் ரிசர்வ் சைட்டுல நடைபாதை வேணும்னு சங்கத்துச் செயலாளர் வெள்ளியங்கிரி அண்ணன் மனு குடுத்திருக்காருங்க. அறுபத்திரண்டு ஊட்டுக்காரங்க கையெழுத்துப் போட்டிருக்காங்க!"

பிஸ்கட் டீக்குள் விழுந்தது. பக்கத்தில் இருந்த மனைவியைப் பார்த்தேன்.

"நா எப்ப அம்மணி மனு குடுத்தேன்?"

"ஆடி வெள்ளிக்கு முந்தின நாளுங்க. சாப்பிட்டுட்டு இருந்தீங்க. சங்கத்துக் கடுதாசின்னு நீட்டுனேன். போட்டீங்க."

"படிக்காமயா போட்டேன்?"

"கண்ணாடி ரூமுல இருந்துச்சுங்க. எடுத்தாரோணும்னா எந்திரிக்கோணுமேன்னு சொன்னீங்க."

சொல்லியிருப்பேன். அறுபத்திரண்டு வீட்டுப் படியும் ஏறி இறங்கியவள் அவள். அவளுக்கும் முட்டி வலி உண்டு. அது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

பரவாயில்லை, எழுந்து மறுத்துவிடலாம் என்று நினைத்தேன். இங்கேதான் ஒரு சங்கடம். எங்கள் பக்கத்தில் யாரையும் முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்லிப் பழக்கமில்லை. வேண்டாம் என்றால் 'பாத்துக்கலாங்க' என்போம். சுத்தமாக வேண்டாம் என்றால் 'அதுக்கென்னுங்க, செஞ்சு போடலாம்' என்போம். கேட்பவர் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும்.

"என்னுங்ணா, ஆரம்பிச்சரலாமுங்களா?" என்று நாச்சியம்மாள் கேட்டார்.

"அதுக்கென்னுங்க, செஞ்சு போடலாம்" என்றேன், முகத்தை முடிந்த மட்டும் சுளித்துக்கொண்டு.

அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த உதவிப் பொறியாளர் ரவிதேஜா ஓசூர்ப் பக்கத்துக்காரர், வேலைக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, நோட்டைப் பார்த்தார். 'செயலாளர் முழு ஒப்புதல், விரைந்து முடிக்க வேண்டுகோள்' என்று எழுதிக்கொண்டார். எல்லாரும் கை தட்டினார்கள். நாச்சியம்மாள் எனக்கு ஒரு துண்டு போர்த்தினார். நானும் கும்பிடு போட்டேன்.

ஆனால் நான் ஸ்டோர்க்காரன். கடுதாசிகளோடு பழகியவன். ஒரு சாமான் கேட்டு வருகிற சீட்டு உடனே நகரும். இருபது சாமான் எழுதி வருகிற சீட்டு மேஜையில் கிடக்கும். இது முப்பது வருட அனுபவம். அன்று சாயங்காலமே அன்புச்செல்வியைக் கூப்பிட்டேன்.

"அம்மணி, நடைபாதை மட்டும் கேட்டா நம்ம ஊருக்கு என்ன மரியாதை? இன்னொரு மனு எழுதலாம். எழுது. ஷட்டில் கோர்ட் ஒண்ணு."

"எழுதிட்டனுங்க."

"தெறந்தவெளி ஜிம்மு."

"எழுதிட்டனுங்க. பொம்பளைக எறிபந்து வெளையாட எடம்?"

"போடு. வெடியால இருட்டா இருக்குமே, சுத்தியும் லைட்டு."

"லைட்டு. நாயி உள்ள வராம கம்பி வேலி?"

"போடு, போடு!"

"தூறல் போட்டா ஒதுங்கி நடக்க, ஒரு பக்கம் கூரை போட்ட பாதை?"

"அம்மணி, உனக்கு இவ்வளவு மூளையா!"

"எல்லாம் நீங்க சொல்லிக் குடுத்ததுதானுங்க" என்றாள் தலையைக் குனிந்துகொண்டு.

நாய்க்கு வேலி, தூறலுக்குக் கூரை, இருட்டுக்கு விளக்கு. என் காரணங்களை ஒவ்வொன்றாக என் வாயாலேயே அடைத்துக்கொண்டிருந்தேன். அன்று அது விளங்கவில்லை. கண்ணாடி போட்டு, படித்துப் பார்த்து, ரசித்துக் கையெழுத்துப் போட்டேன்.

மூன்றாவது வாரம் ரவிதேஜா போன் செய்தார்.

"சார், நீங்க ரொம்ப விவரம். நடைபாதை மட்டும்னா சின்ன வேலை, வரிசையில நிக்கணும். எல்லாத்தையும் சேர்த்துக் கேட்டதால பெரிய விளையாட்டுத் திடல் திட்டத்துல சேர்ந்துடுச்சு. முதல் வேலையே உங்களோடதுதான். நாளைக்கு ஜேசிபி வருது."

வந்தது. முள் போயிற்று, பார்த்தீனியம் போயிற்று. கல் பதித்தார்கள், வேலி அடித்தார்கள், கம்பம் நட்டார்கள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஸ்டோருக்கு ஒரு சாமான் வரவே ஆறு மாதம் ஆகும். இங்கே ஐந்து மாதத்தில் ஒரு மைதானமே வந்துவிட்டது. ஜெரோம் ஷட்டில் மட்டை வாங்கிவிட்டார். என் சபதத்துக்குக் கை கொடுத்த அதே கையால்.

தை மாதம் திறப்பு விழா. விடிகாலையிலேயே நாற்பது ஐம்பது பேர் கூடிவிட்டார்கள். நாச்சியம்மாள் ரிப்பன் வெட்டினார். பெண்கள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எறிபந்தில் இறங்கிவிட்டார்கள். எங்கள் தெருவில் இத்தனை சிரிப்பை நான் கேட்டதில்லை. எனக்கே சந்தோஷமாகத்தான் இருந்தது. ஒரு நாள் நடந்து காட்டிவிட்டு, மறுநாள் முட்டி வலி என்று படுத்துவிடலாம் என்று ஒரு யோசனையும் வைத்திருந்தேன்.

அப்போது நாச்சியம்மாள் என்னை மேடைக்குக் கூப்பிட்டு, கையில் ஒரு சாவியைக் கொடுத்தார்.

"பராமரிப்பு உங்க சங்கத்துப் பொறுப்புங்ணா. வெடியால அஞ்சரைக்குக் கேட்டத் தெறக்கோணும், ஏழரைக்குச் சாத்தோணும். அது வரைக்கும் உள்ளாறயே சுத்திப் பாத்துட்டிருக்கோணும். நீங்களே செய்யறீங்கன்னு அக்கா சொன்னாங்க. செய்வீங்கள்லங்ணா?"

ஐம்பது பேர் என் வாயைப் பார்த்தார்கள். அக்கா, அதாவது அன்புச்செல்வி, மட்டும் தரையைப் பார்த்தாள்.

வேறென்ன சொல்ல? "அதுக்கென்னுங்க" என்றேன். ஒப்பந்தத்தை நீட்டினார்கள். ஐம்பது பேர் நிற்கும்போது உட்கார்ந்து படிக்க முடியுமா? போட்டுவிட்டேன்.

கூட்டம் கலைந்து அவரவர் விளையாடப் போனார்கள். நான் பாதையில் நடக்கத் தொடங்கினேன். பக்கத்தில் அவளும் வந்தாள். சேலைக்குக் கீழே வெள்ளைக் கேன்வாஸ் ஷூ எட்டிப் பார்த்தது.

"இப்படி ஊரையே கூட்டி என்னைய மடக்கிப் போட்டியே, அம்மணி" என்றேன்.

அவள் நடையைக் கொஞ்சம் மெதுவாக்கினாள்.

"எங்கப்பாவையும் நடங்க நடங்கன்னு சொல்லிப் பாத்தமுங்க. கெஞ்சிக்கூடப் பாத்தோம். சொன்னா நடக்கற ஆளுக இல்லீங்க நீங்கெல்லாம். நாலு பேரு வாசல்ல காத்துட்டிருந்தாத்தான் எந்திரிப்பீங்க." புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கு நகை நட்டு ஒண்ணும் வேண்டாமுங்க. நீங்க ரெண்டு காலோட என்கூட இருந்தாப் போதும்."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். கல்யாணமான புதிதில்கூடத் தெருவில் வைத்து நான் அவள் கையைப் பிடித்ததில்லை. ஜெரோம் பார்த்துவிட்டுச் சிரித்தார். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அப்படியே மூன்று சுற்று வந்துவிட்டோம். மூச்சு வாங்கியது, ஆனாலும் உட்காரத் தோன்றவில்லை.

நான்காவது சுற்றில்தான் கேட்டேன்.

"இந்தச் சாவி ஒப்பந்தம் எத்தன வருசத்துக்கு?"

"அஞ்சு வருசம்னுதான் போட்டிருந்தாங்க. நாந்தான் கேட்டு முப்பதுன்னு மாத்துனனுங்க."

"முப்பதா! எனக்கு இப்பவே அம்பத்தஞ்சு அம்மணி!"

"தெரியுமுங்க. முடிஞ்சா மறுக்காப் புதுப்பிச்சுக்கலாமாமுங்க."