வலது கண்ணா, இடது கண்ணா

"லிஸ்ட் இல்லாம கத்தியைத் தொட மாட்டேன்னு டாக்டர் சொல்லிட்டாரு," என்றாள் நர்ஸ். "நாலு பேரு பச்சை அங்கி மாட்டிக்கிட்டு உக்காந்திருக்காங்க. யாருக்கு எந்தக் கண்ணுன்னு உங்க பெட்டியிலதான் இருக்கு."

"பத்துக்குள்ள வந்துடும்," என்றார் சிஸ்டம்காரர். மணி ஒன்பது பத்து.

அந்தக் கண் ஆஸ்பத்திரியின் டேட்டாபேஸ் காலையில் படுத்ததுதான், எழவில்லை. பட்டியலின் நகல் பென் டிரைவில் பத்திரமாக இருந்தது. ஏற்றுவதற்கு ஒரு டேட்டாபேஸ்தான் வேண்டும்.

மாடியில் உட்காரும் மச்சானுக்கும் இதே சர்வரைப் பார்க்கும் வேலைதான். கேட்கலாம். ஆனால் மூன்று நாளாகப் பேச்சு இல்லை. டேட்டாபேஸ் மென்பொருள் என்றால் லினக்ஸ் தானே கொண்டுவந்து பொருத்தித் தரும் பேக்கேஜ்தான் ஒழுங்கு என்பான் மச்சான். அப்படியே ஓடத் தயாராக இருக்கும் பைனரி கோப்பை நாமே இறக்கித் தனி ஃபோல்டரில் வைத்து ஓட்டுவதுதான் சுத்தம் என்பார் இவர். சாப்பாட்டு மேசையில் ஆரம்பித்த சண்டை. பாதியில் இவர் மனைவி இருவர் தட்டையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பைனரியை வைத்து ஓட்டினார். ஓடவில்லை. அது ஓட வேண்டிய இடத்தில் ஒரு டேட்டாபேஸ் பேக்கேஜ் சட்டமாக உட்கார்ந்திருந்தது. அதை நிறுத்திவிட்டுப் பட்டியலை ஏற்றினார். பாதியில் இவருடையது செத்தது. பேக்கேஜ் மறுபடி ஓடிக்கொண்டிருந்தது.

தானாக எழுந்துகொள்கிறது போலும் என்று பேக்கேஜையே அடியோடு நீக்கினார். ஐந்தே நிமிடம். புத்தம் புதிதாக வந்து உட்கார்ந்திருந்தது.

மறுபடி நீக்கினார். திரும்பிப் பார்த்தால் இவருடைய ஃபோல்டரையே காணோம்.

நர்ஸ் மீண்டும் எட்டிப் பார்த்தாள். நோயாளிகளையே கேட்டுவிடலாமே என்றார்.

"கேட்டேன். ரெண்டும் மங்கல்தான், உங்களுக்கு எது வசதியோ அதைச் செய்யுங்கங்கறாரு ஒருத்தர்."

மணி ஒன்பது ஐம்பது. உள்ளே எவனோ புகுந்துவிட்டான், சந்தேகமே இல்லை. சர்வரை மொத்தமாகத் துடைத்துவிட வேண்டியதுதான். கட்டளையை அடித்தார். விரலை என்டர் பொத்தானுக்கு மேல் கொண்டுபோனார்.

கதவைத் தள்ளிக்கொண்டு வார்டு ஆயா வந்து நின்றாள்.

"சார், மாடியில உங்க மச்சான் கேட்டுட்டு வரச் சொன்னாரு. அவரு உங்ககூடப் பேச மாட்டாராம். காலையிலேருந்து அவரு ஏத்த ஏத்த எவனோ அழிச்சுக்கிட்டே இருக்கானாம், உங்களுக்கு ஏதாவது தெரியுமான்னு."