பலகையில் எழுதிய இதயம்

இராமநாதபுரத்தில் தேவிபட்டினம் சாலையோரம் ஒரு மருந்துப் பாதுகாப்பு ஆய்வு நிலையம் இருந்தது. தும்மலை நிறுத்த வந்த புதிய மாத்திரை ஒன்று இதயத்துக்குக் கேடு செய்யுமா என்று கண்டறிவது அதன் தலையாய பணி. மாத்திரை விழுங்கியவர்களுக்கு இசிஜி எடுப்பார்கள். தாளில் ஒரு கூர்முனை வரும், அதன் பின்னால் ஒரு சின்ன மேடு வரும். கூர்முனை கிளம்பும் இடத்திலிருந்து மேடு அடங்கும் இடம்வரை மில்லி செகண்டில் அளக்க வேண்டும். மாத்திரைக்குப் பிறகு அந்த நீளம் கூடினால் ஆபத்து.

அளப்பதற்கு மூன்று பேர். ஒருவர் அளந்தது மற்றவருக்குத் தெரியக் கூடாது. மூவரில் இளையவள் சிநேகா, கடலாடிப் பக்கம் ஒரு கிராமம், குடும்பத்தில் முதல் பட்டதாரி. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. ஆனால் அவளுடைய அய்யா, "எம்மக இதயத்தையே அளக்குறா" என்று ஊர் டீக்கடையில் சொல்லி வைத்துவிட்டார். இனி வேலை போனால் அவள் ஊருக்குள் போக முடியாது. பஸ் ஸ்டாண்டிலேயே குடியிருக்க வேண்டியதுதான்.

சிக்கல் என்னவென்றால், மேடு எங்கே அடங்குகிறது என்பதில் மூவருக்கும் ஒரே கண் இல்லை. ஒரே தாளைப் பார்த்து சிநேகா நானூற்றுப் பதினெட்டு என்பாள். சஃபீர் நானூறு என்பான். திருப்பாலைக்குடி இமானுவேல் பெருமூச்சு விடுவார்.

"அலை எங்கன முடியுதுன்னு எங்க ஊருக் கடல்லயே எவனும் கோடு போட்டதில்ல தங்கச்சி. இந்தத் தாள்ல போடச் சொல்றாக."

இயக்குநர் அகமது கபீர் இதைக் கேள்விப்பட்டு மனம் நொந்தார். அவர் நவீன மனிதர். நடந்த நடை, உறங்கிய உறக்கம், மன அமைதி எல்லாவற்றையும் எண்ணிச் சொல்லும் ஸ்மார்ட் வாட்ச் கட்டியிருந்தார். மன அமைதி குறைந்தால் அது அதிரும். அது அதிர்ந்ததும் மிச்சமிருந்த அமைதியும் போய்விடும்.

"ஒரு இதயத்துக்கு மூணு அளவா? சென்னைல இருந்து தணிக்கைக்கு வாராங்க. நான் என்னன்னு சொல்ல?"

"கொஞ்சம் வித்தியாசம் இருக்கத்தான் செய்யும் சார்," என்றாள் சிநேகா. "எவ்வளவு வித்தியாசம்னு எழுதிக் காட்டினா ஒத்துக்குவாங்க. பயிற்சி குடுத்தா குறையவும் செய்யும்."

"எழுதிக் காட்டுறதா? வீட்டுச் சண்டைய நோட்டீஸ் அடிச்சு ஒட்டுற மாதிரில்ல இருக்கு."

மறுநாள் சுற்றறிக்கை வந்தது. 'அளவீட்டில் நம்பகத்தன்மையை நிலைநாட்டும் பொருட்டு, முதலில் அளப்பவர் தம் அளவைப் பலகையில் எழுத வேண்டியது. ஏனையோர் அதே அளவைச் சுதந்திரமாகக் கண்டடைய வேண்டியது.'

முதலில் அளக்க யாரும் முன்வரவில்லை. எனவே நிலையத்தின் நலன் கருதி இயக்குநரே பலகையில் 410 என்று எழுதினார். பக்கத்தில் 'அழிக்கக் கூடாது' என்றும் எழுதினார். அன்று முதல் எல்லா இதயத்துக்கும் அதுவே அளவாயிற்று.

ஒரு நாள் ஒரு தாளில் மேடு நீண்டு கிடந்தது. சிநேகா மனசு கேட்காமல் 446 என்று எழுதினாள். மாலையே மெமோ வந்தது. 'மேற்படி இதயம் நிலையத்தோடு ஒத்துழைக்க மறுத்ததற்குத் தாங்கள் உடந்தையாக இருந்தது ஏன்?'

"பலகைல இருக்கறது கண்ணுக்குத் தெரியலையா உனக்கு?" என்றான் சஃபீர்.

"தாள்ல வேற தெரியுதேண்ணே."

"தாளா வந்து உன்னய நிரந்தரம் பண்ணப் போகுது?"

சிநேகா அய்யாவை நினைத்தாள், டீக்கடையை நினைத்தாள். அடித்துவிட்டு 410 என்று எழுதினாள்.

தணிக்கையாளர் வந்தார். மூவரின் அளவுகளையும் புரட்டினார். வித்தியாசம் பூஜ்யம். "இருபது வருஷ சர்வீஸ்ல நான் இப்படிப் பார்த்ததே இல்ல," என்றார். இயக்குநர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார். ரயிலுக்கு நேரமாகிவிட்டதால் தணிக்கையாளரும் அதைப் பாராட்டாகவே விட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார். மாத்திரை எந்த இதயத்தையும் ஒன்றும் செய்யாது என்பது நிரூபணமாயிற்று.

அகமது கபீருக்கு உப்புக்காற்று ஆகாது, ஓயாத தும்மல். தம் நிலையமே நிரூபித்த மாத்திரையைத் தாமே நம்பாவிட்டால் எப்படி? காலையும் மாலையும் விழுங்கினார். தும்மல் நின்றது. வாட்ச் மட்டும் அதிர்வதை நிறுத்தவில்லை.

அவர் தமக்கே இசிஜி எடுக்கச் சொன்னார். பிறகு சிநேகாவை அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். மேசை மேல் அவளுடைய நிரந்தர ஆணை கையெழுத்தாகிக் கிடந்தது. 'எவருடைய அளவிலிருந்தும் மாறுபடாத கண்' என்று அதில் காரணம் எழுதியிருந்தது.

"உங்க ஆர்டர்தான், எடுத்துக்கங்க. அதுக்கு முன்னாடி இதப் பாருங்க, இது என்னோட இதயம். பலகைய மறந்துருங்கம்மா. உள்ளத உள்ளபடி அளந்து சொல்லுங்க."

சிநேகா குனிந்தாள். கூர்முனை தெரிந்தது. மேடு தெரிந்தது. மேட்டின் வால் அடங்குவதுபோலத் தெரிந்தது, பிறகு இல்லை என்றும் தெரிந்தது. முன்பெல்லாம் கண் தானாகப் போய் நிற்கும் இடத்தில் இப்போது 410 மட்டும் நின்றுகொண்டிருந்தது. ஆணையை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"மத்தவங்க எவ்வளவு போட்டாங்க சார்?"

இயக்குநர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். "சஃபீர்ட்டயும் கேட்டேன், இமானுவேல்ட்டயும் கேட்டேன். தனித்தனியாத்தான் கேட்டேன். ரெண்டு பேரும் ஒரே அளவு சொன்னாங்க."

"எவ்வளவு சார்?"

"சிநேகா எவ்வளவு போடுதோ, அவ்வளவு."

வாட்ச் அதிர்ந்தது. 'மூச்சை ஆழமாக இழுத்து விடவும்' என்று திரையில் உத்தரவு வந்தது. அறையில் இருந்த இருவரும் கீழ்ப்படிந்தார்கள்.