சுந்தர்ராமனைத் தெரியாத எந்திரம்

சுந்தர்ராமன் மறுபடியும் பெருவிரலில் மை தடவிக் கண்ணாடித் தட்டில் பதித்து, லேசர் கதிரின் குறுக்கே வைத்தார். எதிர்ச் சுவரில் சிவப்புப் பொட்டு விழவேண்டும். விழவில்லை.

"இன்னும் ஒங்கள அதுக்குத் தெரியலயா சார்?" என்றான் அட்டெண்டர் சங்கிலிபூதத்தான்.

"தெரியவைப்பேன்."

மின்சாரத்தால் அல்ல, ஒளியாலேயே யோசிக்கும் கம்ப்யூட்டர் அது. மூளை, தபால்தலை அளவில் ஒரு கண்ணாடிச் சில்லு. ஒருவருடைய ரேகையை அதில் ஏற்றிவிட்டால் எத்தனை பேர் நடுவிலும் அவரைக் கண்டுபிடிக்கும் என்று கல்லூரி முழுக்கச் சொல்லிவைத்திருந்தார். வெள்ளிக்கிழமை மெட்ராஸிலிருந்து நிபுணர் குழு வருகிறது. அவர்களுக்குத் திருப்தி இல்லையென்றால் இந்த அறை டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போய்விடும். முதல்வர் அப்பாத்துரை டைப்ரைட்டர்களை வராந்தாவில் இறக்கியே வைத்துவிட்டார்.

அம்பாசமுத்திரம் பஸ் போகும்போது மேஜை அதிர்வதுதான் கோளாறு என்று சுந்தர்ராமன் முடிவுகட்டினார். லாரி டியூப்களைப் பரப்பி, மேலே ஆற்றுமணல் பெட்டி, அதன்மேல் எந்திரம். பஸ் அதிர்வு நின்றது. யாராவது தும்மினால் எந்திரம் படகாக ஆடியது.

வெளிச்சம் கசிகிறதோ என்று மேலப்பாளையத்தில் கறுப்புத் துணி வாங்கி ஜன்னல்களை அடைத்தார். வெக்கை தாங்காமல் மின்விசிறியைப் போட்டார். மணல் பறந்து லென்ஸில் அப்பிக்கொண்டது.

"சில்லத் தூரப் போட்டுட்டு வேற செஞ்சிருங்க சார்," என்றான் சங்கிலிபூதத்தான்.

"சில்லுக்கு என்ன? எம் விரல் பதிச்ச தட்ட நீதான காயவச்சுக் கொண்டாந்த? அதுலேருந்துதான செஞ்சேன்?"

"ஆமா சார்," என்று மணலைக் கூட்டப் போய்விட்டான்.

கடைசியில் தன் பெருவிரல்மேலேயே சந்தேகம் வந்தது. செங்கல்தூள் போட்டுத் தேய்த்தார். விரல் வீங்கியது.

"ராவும் பகலும் அங்கயே கெடக்கேள். எனக்கே ஒங்கள அடையாளம் தெரியல," என்றாள் மனைவி கோமு. "அதுக்கு எப்படித் தெரியும்?"

வெள்ளிக்கிழமை. சுந்தர்ராமன் விரலைப் பதித்தார். சுவர் இருட்டு. அப்பாத்துரை பதித்தார். இருட்டு.

"டைப்ரைட்டர உள்ள கொண்டாரச் சொல்லவா வே?"

"யாருக்காவது எரியுமா?" என்றார் குழுத் தலைவியான அம்மாள்.

"இன்னும் ஒரே ஒருத்தர் பாத்துருவோம்," என்றார் சுந்தர்ராமன். " ஏலே சங்கிலி, இங்கன வா."

"எங் கை அழுக்கு சார்."

"கழுவிட்டு வா."

"கழுவுனாலும் அழுக்குதான் சார்."

அம்மாளே எழுந்து தட்டை நீட்டினார். பைய விரலை வைத்தான். சுவரில் பொட்டு பளிச்சென்று விழுந்தது. இடது பெருவிரலை வைக்கச் சொன்னார். இருட்டு. மறுபடி வலது. பொட்டு.

அப்பாத்துரை வயிறு குலுங்கச் சிரித்தார். "மூணு வருசம் பாடுபட்டு, அட்டெண்டருக்குச் சலாம் போட ஒரு மிஷினா வே?"

சுந்தர்ராமன் வீங்கிய விரலைப் பார்த்தார். "நாளைக்கே வேற சில்லு செய்வேன்," என்றார்.

சங்கிலிபூதத்தானும் சிரிக்கவில்லை. பொட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அத அமத்துங்க சார், அது என்ன விடாது போலுக்கு. அன்னைக்கு ஒங்க தட்டு கை தவறி ஒடஞ்சிட்டு. ஒரு ரேகைதானன்னு எம் பெருவெரல வச்சுத் தந்தது நாந்தான்."