நான்கு ஹாஸ்கின்ஸும் ஒரு மஞ்சள் பஸ்ஸும்

ஒரு மனிதனுக்கு ஒரு பெயர் போதும் என்றுதான் ஒஹாயோவில் வில்லோ ஃபோர்க் ஊர்க்காரர்கள் நெடுங்காலமாக நம்பிவந்தார்கள். ஒரு பெயருக்கு ஒரு மனிதன் போதுமா என்பதை அவர்கள் யோசித்ததே இல்லை. யோசிக்கவேண்டிய அவசியத்தை ஏற்படுத்தியது அவ்வூர்ப் பள்ளி வாரியம்.

அந்த வருஷம் எங்கோ ஒரு பள்ளியில் யாரோ ஒருவர் ஏதோ செய்துவிட்டதாக எல்லாருடைய ஃபோனிலும் செய்தி வந்தது. என்ன செய்தார் என்பது கடைசிவரை தெரியவில்லை. தெரியாததாலேயே பயம் அதிகமாகி, பள்ளிக்கூட ஜிம்மில் கூட்டம் கூடியது. சமையல்காரர் முதல் பேண்டு வாத்தியார் வரை அத்தனை பேருடைய பூர்வோத்தரத்தையும் ஒரு தகவல் கம்பெனியை வைத்துத் தோண்டி எடுக்கவேண்டும் என்று தீர்மானம் வந்தது. முதல் வரிசையில் உட்கார்ந்து முதலில் கையைத் தூக்கியவர் வெண்டல் ஹாஸ்கின்ஸ். பள்ளிக்கூடத்து மஞ்சள் பஸ்ஸை ஓட்டுகிறவர்.

"மடியில கனமில்லாதவனுக்கு வழியில என்னய்யா பயம்?" என்று பக்கத்து நாற்காலிக்காரரிடம் சொல்லவும் சொன்னார்.

மனைவி இறந்தபிறகு வெண்டல் காலையில் எழுந்திருப்பதற்கு இருந்த ஒரே காரணம் அந்த பஸ்தான். ஏறுகிற பிள்ளைகளின் பெயர் மட்டுமல்ல, அவர்கள் வீட்டு நாய்களின் பெயரும் அவருக்குத் தெரியும். பனி முழங்காலளவு கிடந்தாலும் ஒரு பிள்ளையை நிறுத்தத்தில் விட்டுவிட்டு வந்தவரில்லை. அந்த வேலை இல்லாத ஒரு திங்கட்கிழமையை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியாது.

கொஞ்ச நாளில் 'நபர் மெய்ம்மை உறுதிப்பாட்டு அலுவலகத்'தில் நேரில் ஆஜராகும்படி அவருக்கு உத்தரவு வந்தது. முன்பு உடைந்த கூடைப்பந்து வளையங்களைப் போட்டுவைத்திருந்த அறைதான் அந்த அலுவலகம். அதன் தலைவி மார்லீன் ஆஸ்டர், மேஜையில் ஒரு கொடியும் முகத்தில் ஒரு கடமையுமாக உட்கார்ந்திருந்தாள்.

"உட்காருங்க, டாக்டர் ஹாஸ்கின்ஸ்."

"யாரும்மா டாக்டரு?"

"நெப்ராஸ்கால பல் டாக்டரா இருக்கீங்க. எங்ககிட்ட அதை ஏன் மறைச்சீங்க?"

"நான் பல் டாக்டர் இல்லம்மா, பஸ் ஓட்டுறவன். உனக்கே நான்தானே ஓட்டினேன்! புல்லாங்குழலை மறந்துட்டு வந்து நீ அழுவ. வண்டியைத் திருப்பி உங்க வீட்டு வாசலுக்கே விடுவேனே!"

மார்லீனின் முகம் ஒரு கணம் இளகியது. உடனே அதைச் சரிசெய்துகொண்டாள்.

"அது எனக்குத் தெரியும். அலுவலகத்துக்குத் தெரியாது. அதுவுமில்லாம, குறிச்ச வழியை விட்டு பஸ்ஸைத் திருப்பினதா இப்ப நீங்களே ஒத்துக்கிட்டீங்க. அதை நான் எழுதிக்கவேண்டியிருக்கு."

எழுதிக்கொண்டாள். பிறகு அடுத்த தாளைப் புரட்டினாள்.

"ஐடஹோல பக்கத்துத் தோட்டத்துத் தேனீப் பெட்டியைத் திருடி ஜெயிலுக்குப் போயிருக்கீங்க."

"நானா? ஒரு தேனீ கொட்டினாலே எனக்கு மூஞ்சி பூசணிக்காயா வீங்கிடும்!"

"அப்ப தேனீயோட பழக்கம் உண்டு." அதையும் எழுதிக்கொண்டாள். "அப்புறம், ஃப்ளோரிடால காலமாயிருக்கீங்க."

வெண்டல் தன் நாடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"கவலைப்படாதீங்க. காலமானதுக்கப்புறம் உங்க மேல ஒரு புகாரும் இல்ல. அது உங்களுக்கு நல்லதுதான்."

"பிறந்த தேதியப் பாரும்மா! ஒவ்வொண்ணும் வேற வேறல்ல?"

"பார்த்தோம். நாலு பிறந்த தேதி வச்சிருக்கிற ஆளை நம்பிப் பிள்ளைங்களை எப்படி அனுப்புறது?"

"அத்தனையும் பொய்யிம்மா!"

"அத்தனையும் பொய்யா இருக்க முடியுமா, மிஸ்டர் ஹாஸ்கின்ஸ்? நெருப்பில்லாம புகையுமா?"

இறுதியில் அலுவலகம் பெரியமனது பண்ணி ஒரு வழி சொன்னது. அதே பெயருள்ள மற்ற வெண்டல் ஹாஸ்கின்ஸ்கள் ஒவ்வொருவரும், தாம் இந்த ஹாஸ்கின்ஸ் அல்ல என்று கையெழுத்திட்டுக் கடிதம் கொடுத்துவிட்டால் போதும்.

வெண்டலின் மகள் ட்ரூடியைக் கட்டிக்கொள்ளப்போகிறவன் கார்பின் யேட்ஸ். வீடு வீடாகப் போய், குளிருக்கு வீட்டைச் சூடாக்கும் கணப்பு எந்திரம் பழுது பார்க்கிறவன், அதிகம் பேசமாட்டான். விஷயத்தைக் கேட்டதும், சாப்பிட்டுக்கொண்டிருந்த சில்லிக் குழம்புக் கிண்ணத்தை அப்படியே தள்ளிவைத்துவிட்டு ஃபோனை எடுத்தான். "விடுங்க மாமா, பார்த்துக்கலாம்" என்றான். மூன்று மாநிலங்களில் யார் யாரையோ பிடித்து எண்களைத் தேடி எடுத்தது அவன்தான்.

நெப்ராஸ்காப் பல் டாக்டர் எடுத்த எடுப்பிலேயே எரிந்துவிழுந்தார். "ஓ, அந்த பஸ் டிரைவர் நீதானா? உன்னால என் பிழைப்புல மண்ணு! வாயைத் திறங்கம்மான்னா, 'பஸ் ஓட்டின கையாமே'ன்னு ஒரு அம்மா எழுந்து போயிட்டாங்க!" ஆனாலும் மறுநாளே கடிதம் அனுப்பிவிட்டார். அவருக்கும் அது தேவைப்பட்டது.

ஃப்ளோரிடா விதவை தங்கமான பெண்மணி. அலமாரியில் இருந்த கடிதத்தாளில் தன் கைப்பட எழுதித்தந்தாள். "இவர் அவர் இல்லைன்னு நான் எழுதியாச்சு. அவர்கிட்டயே கையெழுத்து வேணும்னா, நீங்கதான் நேர்ல போய் வாங்கணும்" என்றாள்.

ஐடஹோக்காரர் மட்டும் அகப்படவில்லை. "நல்ல வேலை கிடைச்சு வேற ஊருக்குப் போயிட்டார். அவரைப்பத்தி ரொம்ப உயர்வா ரிப்போர்ட் வந்துச்சாமே!" என்றார் அவருடைய பழைய வீட்டுக்காரர்.

வெண்டல் இரண்டு கடிதங்களையும் கொண்டுபோய்க் கொடுத்தார். மார்லீன் விதவையின் கடிதத்தை முதலில் தள்ளிவைத்தாள். சம்பந்தப்பட்டவர் கையெழுத்து இல்லையாம். பிறகு பல் டாக்டரின் கடிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இதுல கையெழுத்துப் போட்டிருக்கிறது யாரு?"

"வெண்டல் ஹாஸ்கின்ஸ்."

"நீங்க யாரு?"

"வெண்டல் ஹாஸ்கின்ஸ்."

"தனக்குத்தானே சான்று கொடுத்துக்க விதியில இடமில்ல" என்றாள் மார்லீன். சொல்லும்போது அவள் கண்ணில் ஈரம் இருந்தது. அலுவலகத்தின் கண்ணில் இல்லை.

வெண்டல் பஸ் சாவியை மேஜைமேல் வைத்தார். பிரிவுபசார நாளில் பள்ளி ஒரு பெரிய கேக் வெட்டியது. அதன்மேல் நீலக் கிரீமில் 'வாழ்த்துகள், டாக்டர் ஹாஸ்கின்ஸ்' என்று எழுதியிருந்தது. அப்புறம் மளிகைக்கடையில் அவரைப் பார்த்த ஒரு தாய், தன் மகனை அத்தனை வருஷம் அவரிடம் நம்பி அனுப்பியவள், கூடையில் இருந்த தேன் பாட்டிலை ரொட்டிக்கு அடியில் தள்ளினாள். இன்னொருத்தி வாயைத் திறந்து கடைவாய்ப் பல்லைக் காட்டினாள்.

அடுத்த திங்கட்கிழமை புது டிரைவர் பஸ்ஸை எடுத்தார். அவரைத் தேடித்தந்தது வேறு கம்பெனி, சற்று மலிவானது. ரிப்போர்ட் மாசு மருவற்றது: பல் மருத்துவத்தில் பட்டம், ஒஹாயோவில் நீண்டகாலம் ஒரு விபத்துகூட இல்லாமல் பள்ளி பஸ் ஓட்டிய அனுபவம். பெற்றோர்களுக்குப் பரம திருப்தி. பழைய ஹாஸ்கின்ஸ் போய் இப்போதுதான் உண்மையான ஹாஸ்கின்ஸ் வந்திருக்கிறார் என்று பேசிக்கொண்டார்கள்.

அன்று சாயங்காலம் புது டிரைவர் வெண்டலின் கதவைத் தட்டினார். சிரித்த முகம், ஐடஹோவிலிருந்து வந்தவர், பெயர் சொல்லவேண்டியதில்லை.

"உங்க அனுபவத்துலதான் சார் எனக்கு இந்த வேலை கிடைச்சுது. வெறுங்கையோட வர மனசு வரலை" என்று ஒரு ஜாடித் தேனை நீட்டினார்.

வெண்டலுக்கு அவரைத் திட்டவும் தெம்பில்லை. வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினார். ஜாடியையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்க எவ்வளவு நல்ல மனுஷன்! யாரைத்தான் நம்புவது இந்தக் காலத்தில்?

அப்படி நினைத்தவர் கம்ப்யூட்டரின் முன்னால் போய் உட்கார்ந்தார். தகவல் கம்பெனி கேட்ட கட்டணத்தைக் கட்டி, ஒரு பெயரைத் தட்டினார். பிறகு மகள் ட்ரூடியைக் கூப்பிட்டார்.

"அம்மாடி, கல்யாணத் தேதியைக் கொஞ்சம் தள்ளிவைப்போமா? டெக்ஸாஸ்ல ஒரு கார்பின் யேட்ஸ் மூணு பொண்டாட்டியைக் கைவிட்டிருக்கான். மெய்ன்ல ஒருத்தன் கப்பல் கம்பெனியையே ஏமாத்தியிருக்கான்."

"அப்பா! உங்களுக்குமா இந்தப் பைத்தியம்? உங்களுக்காக ஊர் ஊரா ஃபோன் போட்டவர்ப்பா அவர்!"

"அது எனக்குத் தெரியும்மா" என்றார் வெண்டல், தேன் ஜாடியை ஓரமாக நகர்த்திவைத்து. "ஆனா நெருப்பில்லாம புகையுமா? மத்த யேட்ஸுங்ககிட்ட எல்லாம் ஒரு கடுதாசி வாங்கிட்டு வரச்சொல்லு. அப்புறம் பார்க்கலாம்."