இரண்டு வருட உத்தரவாதம்

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகை முடிந்து வரும்போது, என் மனைவி ஸாலிஹாவின் ஃபேனை வீட்டை விட்டுத் துரத்துவது என்று முடிவெடுத்தேன்.

நெளுக்குளத்தில் மின்சாமான் கடை வைத்திருப்பவன் நான். என் ஃபேன்கள், வாங்கியவர் வீட்டுக்குப் போய்த் தேத்தண்ணி குடித்து முடிக்கும்வரை நன்றாகவே சுற்றும். ஸாலிஹாவின் ஃபேனோ நாங்கள் இடம்பெயர்ந்து புத்தளத்தில் இருந்தபோது வாங்கியது. எங்களோடு லொறியில் ஊர் திரும்பி, இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வருகிற சனமெல்லாம் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தது. இப்படியே போனால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான்.

கடையிலிருந்து புதிது ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனேன்.

"இனி இதுதான் இஞ்ச ஓட வேணும். நாலு சனம் பாக்க வேணும். பழசை இரும்புக்காரனுக்குக் குடும்."

"ஓம்."

கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவள் முதல் சொல்லிலேயே ஓம் என்றது அன்றைக்குத்தான். எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். நெஞ்சுதான் நிமிர்ந்தது.

புது ஃபேன் சுற்றியது. வெயில் மண்டையைப் பிளந்த மாதங்களில் இரவு பகலாகச் சுற்றியது. பழசைப் போலவே மெல்ல முனகியது. நல்ல சாதி ஃபேன் எல்லாம் முனகும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். என் சாமான் மீது எனக்கே முதல் முறையாக நம்பிக்கை வந்தது. கடை வாசலில் போர்டு மாட்டினேன்: 'இரண்டு வருட உத்தரவாதம். பழுதானால் புதிது.' ஃபேன்கள் பறந்தன.

போன கிழமை, பக்கத்து ஒழுங்கை சிவலட்சுமி அக்கா கருகிய ஃபேனோடு கடைக்கு வந்தார். நான் அசரவில்லை. நேரே வீட்டுக்குக் கூட்டிப் போனேன்.

"பாருங்கோ அக்கா. இதே ஃபேன்தான். பாவிக்கிற மாதிரிப் பாவிச்சால் ஓடும்."

அக்கா ஸாலிஹாவிடம் திரும்பினார். "உனக்கு மட்டும் எப்பிடிப் பிள்ளை ஓடுது?"

ஸாலிஹா பொய் சொல்ல மாட்டாள். கேட்டால்தான் உண்மையும் சொல்லுவாள்.

"உள்ளுக்க இருக்கிறது என்ர பழைய ஃபேன்ர மோட்டர், அக்கா. என்ர தம்பி நாஸிம்தான் மாத்திப் போட்டவன்."

நான் ஃபேனை உற்றுப் பார்த்தேன். "அப்ப புது மோட்டர்?"

"மூண்டாம் நாளே எரிஞ்சிட்டுது. நீங்க கவலைப்படுவீங்களெண்டு சொல்லேல்ல."

"பழசை இரும்புக்காரனுக்குக் குடுக்கச் சொன்னனான்."

"ஓம் எண்டனான்தானே. எப்பவெண்டு நீங்க சொல்லேல்ல. கட்டிலுக்குக் கீழ வைச்சிருந்தனான்."

"தம்பி, அந்தப் போர்டு?" என்றார் அக்கா.

நான் விற்ற ஃபேன்களெல்லாம் கண்முன்னே வரிசையாகப் புகைந்தன. "புதுசு தாறன் அக்கா."

"என்ரயும் எரிஞ்சதுதானே?" என்றாள் ஸாலிஹா.

"உமக்கும் புதுசு ஒண்டு தாறன்."

"ஃபேன் வேண்டாம். எனக்கும் அக்காவுக்கும் காசாத் தாங்கோ."